கோடு விழுந்த நம்பர்

இடிப்பார் தெருவில் எல்லாருடைய பிடரியிலும் நம்பர் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தலைக்கு எண்ணெய் வைக்கிற நேரத்தில். அதை முதலில் பார்த்தவர்கள் அம்மாக்கள், ஏனென்றால் அடுத்தவர் பிடரியை உற்றுப் பார்க்கிற வேலை அந்தத் தெருவில் அவர்களுக்குத்தான் இருந்தது. பார்த்தவர்கள் அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தார்கள், பிறகு எச்சில் தொட்டுத் துடைத்தார்கள், பிறகு சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், போகவில்லை என்றதும் சரி என்று விட்டுவிட்டுப் பின்னலைப் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

யாரும் அலறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. காரைக்குடிக்குத் தெற்கே சாத்தனூரணியில் இருக்கிற அந்தத் தெருவுக்கு இடிப்புதான் சோறு. அரண்மனை மாதிரி வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டுச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பங்கு பிரிக்க முடியாமல் விற்கிற வீடுகளை அவர்கள் போய்ப் பிரிப்பார்கள். பிரிப்பது என்றால் உடைப்பது இல்லை, தூணைத் தூணாக, நிலையை நிலையாக, ஓட்டை ஓடாகக் கழற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் எழுதி, லாரியில் ஏற்றி, எங்கோ யாரோ புதிதாகக் கட்டுகிற இடத்தில் அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது. நம்பர் எழுதுகிறவர் ஆண்டியப்பன். 'முகப்பு 2 தூண் 7' என்று கறுப்புப் பெயிண்டில் அவர் எழுதினால் அதுதான் அந்தத் தூணுக்கு ஊரும் பேரும். செல் என்கிற கறையான் அரித்த உத்திரம், வெடித்த தூண், உளுத்த பலகை என்றால் எழுதின நம்பரின் குறுக்கே ஒரே இழுப்பில் பட்டையாக ஒரு கோடு போடுவார். கோடு விழுந்ததற்குக் கழிவு என்று பேர். கழிவு நேராகச் செங்கல் சூளைக்குப் போய் அன்றைக்கே சாம்பலாகும். அந்தத் தெருப் பிள்ளைகள் 'அ' எழுதப் பழகுவதற்கு முன்பே கோட்டுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட தெருவில், தூணுக்கும் ஓட்டுக்கும் இருக்கிற நம்பர் ஆளுக்கும் வந்தால் அதில் கூச்சல் போட என்ன இருக்கிறது?

நம்பருக்கு முந்தின நாள் துப்பாக்கி வந்திருந்தது. ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில், வாசல் நிலைக்கு மேல் இருந்த சுவரைப் பிரித்தபோது சுண்ணாம்புக்குள் ஒரு பொந்து, பொந்துக்குள் மெழுகுத்துணிப் பொட்டலம், பொட்டலத்துக்குள் ஒரு கைத்துப்பாக்கி, நூறு வருஷத்துக்கு மேல் தூங்கினது போல எண்ணெய்ப் பிசுக்கோடு. தகவல் போய் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து சேர்வதற்குள் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு தடவை அதைக் கையில் வாங்கி மச்சினனைக் குறிபார்த்துச் சிரித்து முடித்தார்கள். ஆண்டியப்பனின் மகள் நாகஜோதி மட்டும் அதைக் குப்புறத் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வயசு, பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள், ஏன் நின்றாய் என்று கேட்டால் 'பிடிக்கல' என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்துகிறவள், அப்பாவோடு வேலைக்கு வந்து தூண்களுக்குச் சுண்ணாம்பு சுரண்டுகிறவள். துப்பாக்கியின் பிடிக்குப் பின்பக்கம், உள்ளங்கை பதிகிற இடத்தில், பொடிப்பொடியாக எழுத்து வெட்டியிருந்தது: 83.R.9.14.

"அப்பா, இது நீ எழுதுற மாதிரியே இருக்குப்பா."

ஆண்டியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அங்கயும் ஒரு ஆண்டியப்பன் இருந்திருக்கான் ஆத்தா. பெயிண்டு இல்லாம உளியில போட்டிருக்கான், பாவம்."

அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பழைய ஜெர்மன் துப்பாக்கிகளைப் பற்றியே பேசித் தீர்க்கிற கிழவர்கள் கூடுகிற ஒரு குழுவில் அதைப் போட்டு, இது என்ன என்று கேட்டாள். துப்பாக்கி ஜீப்பில் ஏறிப் போனது. ஸ்டேஷனிலிருந்து வேறெங்கோ போனதாகச் சொன்னார்கள். அதன் கதை அதோடு சரி.

மறுநாள் தெருவெல்லாம் நம்பர். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, இரும்பு அச்சை வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினது போல நீலமாக, நகத்தளவு எழுத்து. நாகஜோதியின் பிடரியில் 1.R.6.4. அவள் அம்மா சிகப்பாயிக்கு 1.R.6.2. துப்பாக்கியில் இருந்த அதே நடை, அதே புள்ளி. முதல் நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான், அதனால் அது தெரு. அடுத்த நம்பர் வீட்டுக்கு வீடு மாறியது, அதனால் அது வீடு. கடைசி நம்பர் ஆள். நடுவில் நிற்கிற அந்த ஒற்றை இங்கிலீஷ் எழுத்துதான் டீக்கடையில் சண்டையை மூட்டியது. ஆர் என்றால் ரேஷன் என்றார் ஒருவர். ராசி என்றார் இன்னொருவர், எல்லாருக்கும் ஒரே ராசியா என்று கேட்டதற்கு, நம்ம தெருவுக்கு என்றைக்கு நல்ல ராசி இருந்தது என்றார். டீ ஆற்றுகிறவர், ஆர் என்றால் 'ஆறட்டும்' என்றார்.

சனிக்கிழமை ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. ஊவே என்று ஒரு பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் பாஷையில் எழுதினதை போன் தமிழாக்கிக் காட்டியது. 'மரியாதைக்குரிய இளம் பெண்மணியே, இது எண்பத்து மூன்றாவது காலாட்படை ரெஜிமென்ட், ஒன்பதாவது நிறுவனம், பதினான்காவது ஆயுதம்.'

"நிறுவனம்னா? பைனான்ஸா?" என்றார் டீக்கடைக்காரர், கொஞ்சம் பயந்து.

"கம்பெனி. பட்டாளத்துல ஒரு கூட்டத்துக்குக் கம்பெனின்னு பேரு. போன் மொழிபெயர்த்த லட்சணம் அது" என்றாள் நாகஜோதி. "ஆர்னா ரெஜிமென்ட். நம்ம தெரு ஒரு ரெஜிமென்ட். ஒவ்வொரு வீடும் ஒரு கம்பெனி. நீங்க ஒரு துப்பாக்கி. போதுமா?"

போதும் என்றுதான் தெரு நினைத்தது. அதற்குப் பிறகு நம்பர் இல்லாமல் ஒரு காரியம் நடக்கவில்லை. ரேஷன் கடையில் கார்டைக் கேட்பதற்கு முன்னால் 'திரும்புங்க' என்றார்கள். சலூன் கண்ணாயிரம் முன்னால் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியும் பிடித்து அவரவர் நம்பரை அவரவருக்கே காட்டினார், அதற்காகவே கூட்டம் வந்தது. எட்டாம் வீட்டில் மருமகளுக்கு ஒண்ணும் மாமியாருக்கு ரெண்டும் விழுந்துவிட, மாமியார் உச்சிவெயில் வரைக்கும் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பசி தாங்காமல் 'ஏ ஒண்ணு, சோத்தைப் போடு' என்று கூப்பிட்டு, அன்றிலிருந்து அந்த வீட்டில் மருமகளுக்கு ஒண்ணு என்றே பேராகிவிட்டது. பன்னிரண்டாம் வீட்டில் பிறந்து அந்த வீட்டிலேயே நரைத்துப்போன பழனிவேலுவின் பிடரியில் மூன்றாம் வீட்டு நம்பர் இருந்தது; தெரு அதைப் படித்தது, அவர் மூக்கைப் பார்த்தது, மூன்றாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பெரியவர் போட்டோவின் மூக்கைப் பார்த்தது, ஒரு வார்த்தை பேசவில்லை; அடுத்த விசேஷத்திலிருந்து மூன்றாம் வீட்டில் பணியாரம் சுட்டால் ஒரு தட்டு பன்னிரண்டாம் வீட்டுக்குப் போனது. பதினோராம் வீட்டு ஆட்டுக்கிடாய்க்கு 1.R.11.6 என்று விழுந்திருந்ததால் அதைப் பூசைக்கு வெட்ட யாருக்கும் கை வரவில்லை, அது அதிகாரத்தோடு தெருவில் நடந்தது. பிறந்த குழந்தை நம்பரோடு பிறந்தது. நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

முதல் கோடு விழுந்தது வெள்ளையன் பெரியய்யாவுக்கு. காலையில் நம்பரின் குறுக்கே ஒரே இழுப்பாக மெல்லிசாய் ஒரு கோடு. தொண்ணூறைத் தாண்டினவர், கஞ்சி இறங்காமல் மாசக்கணக்காகக் கிடந்தவர், அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். ரெண்டாவது கோடு கலைமணிக்கு. இருபத்திரண்டு வயசு, கல்லு மாதிரி இருந்தவள். அவளைப் பார்த்துத் தெருவே வாயைப் பொத்தியது. ஆனால் அவள் சாகவில்லை, ஓடு ஏற்ற வந்த திண்டுக்கல் லாரி டிரைவரோடு போய்விட்டாள். அவள் அப்பா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, எனக்கு ஒரு பிள்ளை செத்துப்போச்சு என்று தெருவில் நின்று சொன்னார். ஜனம் வந்து துக்கம் விசாரித்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது. ரெண்டு கோடு, ரெண்டு சாவு. கணக்கு நேராகிவிட்டது. அப்பன் வாயால் சொன்ன சாவு என்றாலும் சாவு சாவுதான் என்று தெரு எடுத்துக்கொண்டது, அது பொய் என்று எவருக்கும் உறைக்கவில்லை, அந்த மனுஷன் அழுத அழுகை அப்படி.

மூன்றாவது கோடு நாகஜோதிக்கு.

அது அவளுக்குத் தெரியாது. பிடரி பிறத்தியார் படிக்கிற இடம். அன்றைக்குக் காலையில் சிகப்பாயி மகளுக்குத் தலைவாரிக்கொண்டே இருந்தவள் சீப்பை அப்படியே நிறுத்தினாள். என்னம்மா, முடி சிக்கா என்று கேட்டதற்கு ஆமா என்றாள், குரல் சரியில்லை. பின்னல் போடாமல் முடியை விரித்தே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீர்க் குழாயடிக்கு நாகஜோதி போய் வருவதற்குள் தெரு படித்துவிட்டது.

பிறகு எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். குழாயடியில் அவளுக்கு முதல் குடம். எட்டாம் வீட்டு மாமியார், இவளோடு ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவர், மீன் குழம்பில் தலையை எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வைரவன் தன் ஹெட்செட்டை எடுத்து, 'நீயே வெச்சுக்க' என்றான். அதற்காக அவர்கள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. நாகஜோதிக்கு முதலில் பிடித்திருந்தது, உள்ளதைச் சொன்னால் மீன்தலை ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது. காரணமில்லாமல் இந்தத் தெரு யாரிடமும் இத்தனை நல்லபடியாக நடந்துகொள்ளாது. கண்ணாயிரத்திடம் போய்ப் பிடரியைக் காட்டு என்றாள்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு தாயி."

ரெண்டு கண்ணாடியும் அவர் முதுகுக்குப் பின்னால் முழுசாகத் தொங்கின. ரெண்டிலும் அவர் அழுகிறது தெரிந்தது.

வெளியே வந்தால் மூன்றாம் வீட்டு வாண்டு தேன்மொழி, ஐந்து வயசு, விரலைச் சப்பிக்கொண்டு நின்றது. "அக்கா, நீ கழிவாமே?"

நாகஜோதி அதன் கன்னத்தைக் கிள்ளினாள். பிள்ளையாவது உண்மையைச் சொன்னதே. பிரித்த சாமான்களைப் போட்டு வைக்கிற பட்டறைக்கு நேராகப் போனாள். அப்பா தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயிண்ட் டப்பா ஆடை கட்டிக் கிடந்தது, பிரஷ் முள்ளு மாதிரி காய்ந்திருந்தது.

"எம் பிடரில கோடு விழுந்திருக்காப்பா?"

"எவ சொன்னா?"

"எவ சொன்னா என்ன? விழுந்திருக்கா, இல்லயா?"

ஆண்டியப்பன் மகளைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார். "விழுந்திருக்கு ஆத்தா."

"எனக்கு ஒரு சளி, காய்ச்சல் கூட இல்லயேப்பா."

"நல்ல தேக்குதான். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ள செல்லு போயிருக்கும்."

மனுஷர் ஆறுதல் சொல்கிறதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்த்துடுக்கு எல்லாம் வெளியில்தான். அன்றைக்கு மத்தியானம் அவள் பாயில் மல்லாந்து படுத்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அது அடிக்கிறதா அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள், சோறு இறங்கவில்லை, ஒரு பக்கம் ஒருக்களித்தால் அந்தப் பக்கம் எங்கோ செல் அரிக்கிற மாதிரி இருந்தது. அடுப்படியில் அம்மா அவளுக்காகத் தேங்காய்ப்பால் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள், யாராவது கேட்டால் மாவு புளித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் குரலை இறக்கிப் பேசினார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அது தெரியக் கூடாதே என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அன்பாகத்தான். அந்த அன்புதான் தாங்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள், சும்மா, எதையாவது பார்க்க. துப்பாக்கிப் படம் வந்தது. பெரிசாக்கினாள். 83.R.9.14 என்பதன் குறுக்கே மெல்லிசாய் ஒரு கீறல். அன்றைக்குக் கீறல் என்றுதான் நினைத்தாள். இப்போது பார்த்தால் அது கீறல் இல்லை, ஒரே இழுப்பாகப் போட்ட கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு அடைத்த பள்ளத்தில் இன்னொரு வரி: 97.R.2.60.

அவள் அந்த இடத்தை வட்டம் போட்டு ஊவேக்கு அனுப்பினாள். 'இந்தக் கோடு எதுக்கு? துப்பாக்கி கெட்டுப்போச்சா?'

ஜெர்மனியில் அப்போது காலை. பெரியவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார் போல, உடனே எழுதினார். 'இல்லை பெண்மணியே. இது மாற்றல். துப்பாக்கி முதல் படையிலிருந்து வேறு படைக்குப் போனது. பழைய நம்பரை அடித்துவிட்டுப் புதிய நம்பர் போட்டிருக்கிறார்கள்.'

'கெட்டுப்போனதுக்கு என்ன பண்ணுவாங்க?'

'கெட்டுப்போனதற்குக் கோடு போட ஏன் ஒருவன் மெனக்கெட வேண்டும்? உருக்கிவிடுவார்கள். எங்கேயோ ஒருத்தருக்கு அந்தத் துப்பாக்கி தேவைப்பட்டதால்தான் கோடு போட்டார்கள்.'

நாகஜோதி அதை மூன்று தரம் படித்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். 'கோடு இருக்கு, கீழே ஒண்ணும் இல்லன்னா?'

இந்தத் தடவை பதில் வர நேரமானது. 'அப்படியும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புதிய நம்பரைப் போடுகிறவன் புதிய இடத்தில் இருப்பான். துப்பாக்கி அங்கே போய்ச் சேர்ந்தால்தான் போட முடியும். கீழே ஒன்றும் இல்லை என்றால் அது வழியில் எங்கோ நின்றுவிட்டது, அல்லது புறப்படவே இல்லை.'

அவளுக்குக் கலைமணியின் ஞாபகம் வந்தது. அவள் போன் நம்பரைத் தெருவில் யாரும் அழைப்பதில்லை, செத்தவளுக்கு யார் போன் போடுவார்கள்? நாகஜோதி போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் கலைமணி, பின்னால் டிவி சத்தம்.

"அடியே, என்னைக்குடி இந்தச் செத்தவ ஞாபகம் வந்துச்சு?"

"உம் பிடரியைப் பாரு."

"என்னடி, எடுத்த எடுப்புலயே! நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"நல்லா இருக்கியா? பிடரியைப் பாரு. உம் புருசன பார்க்கச் சொல்லு."

டிவி சத்தம் நின்றது. ஏங்க, இங்க வாங்க, முடியைத் தூக்குங்க, கூசுதுங்க, படிங்க என்று குரல்கள் கேட்டன. ஒரு ஆண் குரல் தடுமாறித் தடுமாறிப் படித்தது. மேலே அடித்த நம்பர். அதற்குக் கீழே 7.R.2.5.

"எப்ப வந்துச்சுக்கா?"

"யாருக்குடி தெரியும்? இந்த ஊர்ல எவளும் எவ பிடரியையும் பார்க்கிறது இல்ல." கொஞ்சம் பொறுத்துக் கலைமணியே கத்தினாள். "ஜோதி! இவங்க அம்மாவுக்கும் இருக்குடி! ஏழு, ஆர், ரெண்டு, ரெண்டு. பாவம், இந்தம்மா இத்தனை நாளும் தெரியாமயே சுத்திக்கிட்டிருந்திருக்கு!" பிறகு குரல் இறங்கியது. "எங்கப்பா நல்லா இருக்காராடி?"

"இருக்காரு. உனக்குக் காரியம் பண்ணிட்டு நல்லா சாப்பிடறாரு" என்றாள் நாகஜோதி. கலைமணி சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது, போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் நாகஜோதி அப்பா முன்னால் போய் நின்றாள். துப்பாக்கிப் படத்தைக் காட்டினாள், கலைமணி அனுப்பின பிடரிப் படத்தைக் காட்டினாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

ஆண்டியப்பன் ரெண்டு படத்தையும் பார்த்தார். "நான் முப்பது வருசமா கோடு போடறேன். அதுல ஒரு கட்டையாவது திரும்பி எழுந்து நின்னுச்சா? சொல்லு."

"அது உன் கோடுப்பா. இது பட்டாளத்துக்காரங்க கோடு."

"கோடுன்னா கோடுதான். நான் போட்டா உள்ள இருக்கிற நம்பரை எவனும் படிக்க முடியாது. படிக்கக் கூடாதுன்னுதான் போடறதே. இல்லாட்டி லோடு ஏத்துறவன் ஏமாந்துபோயி ஏத்திருவான்." அவர் குரல் உடைந்தது. "நீ ஆறாம் வீட்டு நாலாவது ஆத்தா. அத எப்படி அடிக்கலாம்?"

"அப்ப வெள்ளையன் பெரியய்யா?" என்று கேட்டாள் சிகப்பாயி. "அவரு எங்கடி மாறிப் போனாரு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சத மட்டும்தான் சொல்றேன். இங்கயே இருந்தா எனக்குக் கீழ ஒண்ணும் வராது. கோடு மட்டும்தான் இருக்கும், நீங்க ஆப்பம் சுட்டுக்கிட்டே இருப்பீங்க, ஊரு மீன்தலை குடுத்துக்கிட்டே இருக்கும், நான் சாகாமலே செத்த மாதிரி கிடப்பேன். போனா வரலாம். வராமலும் போகலாம். ஆனைமலைக்குத் தூண் போகுதுல்ல, அங்க நிறுத்துறதுக்கு உன் நம்பரைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்ல? நான் போறேன்."

ஆனைமலைப் பக்கம் ஒரு கோயம்புத்தூர்க்காரர் தங்கும் விடுதி கட்டினார். பிரித்த அந்தப் பெரிய வீடு முழுசாக அங்கேதான் போய் நிற்கப் போகிறது, வேலை முடிய மாசக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட வேலைக்குத் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளையை அனுப்பினதில்லை. ஆண்டியப்பன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சிகப்பாயி புருஷனைத் தாண்டி மகளிடம் கேட்டாள். "போனா உசுரோட இருப்பியாடி?"

"தெரியலம்மா. இருப்பேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"நினைக்கிறேன்."

"அது போதும். போ" என்றாள் சிகப்பாயி. "பக்கத்துல இருந்து சாகுறதுக்குப் பதிலா, தூரத்துல இருந்து என்கூட சண்டை போடு." சொல்லிவிட்டுப் பட்டறையின் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லாரி புறப்பட்ட அன்றைக்குத் தெரு வழியனுப்பியது பார்க்கிற மாதிரி இல்லை. பாதிப் பேர் மஞ்சள் தண்ணீரோடு வந்தார்கள், பாதிப் பேர் மாலையோடு வந்தார்கள், எது பொருத்தம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆட்டுக்கிடாய் ஒரு மாலையைத் தின்றது. ஆண்டியப்பன் கூட்டத்துக்கு வரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து காய்ந்த பிரஷை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனைமலையில் வேலை முதுகை முறித்தது. முகப்பு ஒண்ணு, முகப்பு ரெண்டு என்று அப்பாவின் கையெழுத்தைப் படித்துப் படித்து அவள் சொல்ல, கிரேன் தூணைத் தூக்கி நிறுத்தியது. ஒவ்வொரு தூணும் நிமிர்கிறபோது அந்த நம்பர் சுவர்ப்பக்கம் திரும்பி மறைந்தது. வந்த அன்றைக்கே பிடரியைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிற பழக்கம் போகவில்லை, ஆனால் பிடரியை யாரிடமும் காட்டவில்லை. ஈரத் தலையைத் துவட்டாமல் அப்படியே விட்டாள், வெயிலில் துண்டைப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அப்பா தினமும் போன் செய்வார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பாள். வேறு ஏதோ கேட்க வருவது போல மூச்சு விடுவார். "சரி" என்பார். வைத்துவிடுவார்.

ஒரு நாள் பட்டாசாலை என்கிற பெரிய கூடம் முழுக்க நின்று முடித்த மத்தியானம், வேர்வை தாங்காமல் முடியை அள்ளி உச்சியில் முடிந்துகொண்டு, ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிற மாராத்தாக்காவோடு குனிந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறந்துபோய்த்தான்.

"ஏங் கண்ணு, பொடனீல என்னமோ எழுதீருக்குது?"

நாகஜோதியின் கை கீரையில் நின்றது. "எத்தனை வரிக்கா?"

"ரெண்டு. மேல இருக்கிறத அடிச்சுப்போட்டு, கீழ ஒண்ணு எழுதீருக்குது. பன்னெண்டு, ஒரு இங்கிலீசு எழுத்து, ஒண்ணு, ஆறு. என்ன கண்ணு இது, பச்சை குத்தீருக்கியா? ஏன் கண்ணு அழுகறே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுந்து, மாராத்தாக்காவின் பின்பக்கம் போய் நரைத்த கொண்டையை ஒதுக்கிப் பார்த்தாள். 12.R.1.5. பக்கத்தில் சாந்து குழைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையனின் சட்டைக் காலரை இழுத்துப் பார்த்தாள். மேலே அடித்த ஒரு வரி, கீழே 12.R.1.3. அவன் ஏதோ கெட்ட வார்த்தையில் திட்டினான், அவளுக்கு அது புரியவில்லை, சிரித்தாள்.

அப்பாவுக்கு அவளே போன் போட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றார் ஆண்டியப்பன்.

"வந்துருச்சுப்பா."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ ஆணி பிடுங்குகிற கிறீச்சு கேட்டது. அவர் கேட்டார், தொழில்காரர் கேட்கிற மாதிரி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "பழசு? அடிச்சதுக்கு உள்ள இருக்கிறது தெரியுதா, தெரியலயா?"

அவள் போனை மாராத்தாக்காவின் வாய்க்கு நேராகப் பிடித்து, பிடரியைக் காட்டி, "மேல் வரியைப் படிங்கக்கா" என்றாள்.

"அது அடிச்சதாச்சே கண்ணு."

"பரவால்ல, படிங்க."

"ஒண்ணு, அப்புறம் அந்த எழுத்து, ஆறு, நாலு" என்று மாராத்தாக்கா தடங்கலில்லாமல் படித்தார்.

போனுக்குள் ஏதோ உருண்டு விழுகிற சத்தம், பெயிண்ட் டப்பாவாக இருக்கும், பிறகு அவள் அப்பா பட்டறையிலிருந்து ஆறாம் வீடு வரைக்கும் தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது:

"ஏ சிகப்பாயி! தெரியுதாம்டி! நம்மளுது நல்லா தெரியுதாம்!"